பிழைச் செய்தி: இல்லை

“துவக்கக் கட்டளை கொடுத்த பின் திரையில் பிழைச் செய்தி எதுவும் தோன்றாமை, புரோகிராம் துவங்கியதற்குச் சான்று ஆகாது. அது ஓடுகிறதா என்பதைத் தனியாகச் சரிபார்த்த பின்னரே பணியாளர் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும்.”

எங்கள் கம்பெனியின் செயல்முறைக் கையேட்டில் நான்காம் அத்தியாயம், மூன்றாம் விதி. எழுதியவன் நான். எனக்குத் தெரிந்து அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள் மூன்று பேர்: நான், மேனேஜர் கங்காதர், விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருந்த வக்கீல். கடைசி இருவரும் ஒரே நாளில் பார்த்தார்கள்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் பழைய செக்‌ஷனிலிருந்து இருவர் ஒக்கலிபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். காலைப் பதிவேட்டை எடுத்துவிட்டார்களாம். இனி எல்லாப் புரோகிராமும் தானாகவே துவங்குமாம். “உங்க பழைய கேஸ் எல்லாம் எழுதிக் குடுங்க சார், ஆண்டு மலர்ல போடுறோம். ஜாலியா இருக்கும்” என்றார்கள். ஜாலியாக இருக்குமா தெரியவில்லை. எழுதித் தருகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

படித்தது கணிதம். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள ஆறு மாதம், ஒரு மில்லின் கம்ப்யூட்டர் அறையில். அங்கே நான் எழுதிய முதல் புரோகிராமுக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் வைத்தேன். கட்டளை அடித்தேன். திரை ஒரு வரி கீழே இறங்கி அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றது. மறுபடி அடித்தேன். மறுபடி அதே. மூன்று நாள் என் புரோகிராமை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன். நாலாம் நாள் பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கணினிக்கே சொந்தமாக ‘டெஸ்ட்’ என்று ஒரு கட்டளை ஏற்கெனவே இருந்தது. நான் கூப்பிட்டபோதெல்லாம் அதுதான் வந்திருக்கிறது. செய்ய ஒன்றும் இல்லாததால் ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறது. என் புரோகிராமை யாரும் கூப்பிடவே இல்லை.

கத்திக்கொண்டு விழுகிற புரோகிராமைச் சரிசெய்வது சுலபம். எங்கே வலிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். சத்தம் இல்லாமல் துவங்காமல் போகிறதே, அதுதான் ஆளைத் தின்னும். முப்பது வருடத்தில் அப்படிப்பட்டவற்றை நிறையப் பார்த்தேன். வேறு கணினியிலிருந்து நகலெடுத்தபோது வரிக் கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்த கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. யாரோ நல்லெண்ணத்தில் மாற்றிய ஓர் அனுமதி. தேவையான துணைக் கோப்பு ஒன்று காணாமல் போவது. இவ்வளவும் பார்த்தவன் என்பதால்தான் கையேடு எழுதும் வேலை என்னிடம் வந்தது, நானும் அந்த மூன்றாம் விதியை எழுதினேன்.

கடைசியாக வேலை பார்த்த இடம் பொம்மனஹள்ளிக்கு அப்பால் எங்கள் கம்பெனியின் மருந்துக் கிடங்கு. இன்சுலின், தடுப்பூசி எல்லாம் வைக்கும் எட்டுக் குளிர் அறைகள். அறைகளின் வெப்பத்தை நிமிடத்துக்கு ஒரு முறை படித்து, அளவு மீறினால் பொறுப்பாளர்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்ப ஒரு புரோகிராம் இருந்தது. அது வந்த பிறகு கதவுகளுக்கு மேலிருந்த சைரன்களைக் கழற்றிவிட்டார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு இரவுக் கணக்கை மூடி அதை நிறுத்திவிட்டு, மறுபடி துவக்க வேண்டும். கட்டளைத் திரையில் ஒரே ஒரு வரி. அது துவங்கியதும் பின்னணிக்குப் போய்விடும்; திரையில் ஒன்றும் வராது. எழுதியவர்கள் அந்த வகை ஆட்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது வாய் திறப்பது அவர்களுக்கு அநாகரிகம்.

அந்த வரியை அடித்தவர் பிலோமினா. நாற்பத்தாறு வயது, கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கும் ஒரு மகன். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பதினோரு வருடத்தில் எட்டு மணி தாண்டி வந்து நான் பார்த்ததில்லை. அந்தப் புரோகிராமுக்கு அவர் வைத்த பெயர் மௌனசாமி.

“மௌனசாமி இன்னிக்கும் வாயத் தொறக்கல சார்.”

“உண்டியல் வெச்சுப் பாருங்க.”

“எங்க சர்ச்சுல இருந்தா இந்நேரம் மெழுகுவத்தி கொளுத்தியிருப்பாங்க.”

பதிவேட்டில் நான்கு பத்திகள். துவக்கிய நேரம், பணியாளர், பிழைச் செய்தி, கையொப்பம். மூன்றாவது பத்தியில் பதினோரு வருடமும் அவர் கையெழுத்தில் ‘இல்லை’ என்றே இருக்கும். அழகான கையெழுத்து. அதனால்தான் அவர்கள் கோயிலில் மாதர் சங்க மினிட்ஸ் புத்தகத்தையும் அவரிடமே கொடுத்திருந்தார்கள்.

விதிப்படி அவர் அத்தோடு நிறுத்தக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து, இதன் பெயரைத் தேடி, எண்ணைக் குறித்து, ஓர் அறையின் வெப்ப அளவு புதுப்பிக்கப்படுகிறதா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். நாலு நிமிட வேலை. முதல் சில மாதம் செய்தார். அப்போதுதான் கங்காதர் மேனேஜராக வந்தார்.

கங்காதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரல் உயர்த்தாத மனிதர். எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் அதன் நாலு ஓரத்தையும் மேஜையில் தட்டிச் சமன் செய்வார். பிறகு கடைசிப் பக்கத்தைப் படிப்பார். கையொப்பம் இருந்தால் முதல் பக்கத்துக்கு வருவார், இல்லாவிட்டால் மூடிவிடுவார். யார் என்ன சொன்னாலும் “பேப்பர்ல இருக்கா?” என்பார். தமிழ் நன்றாகவே பேசுவார். வாக்கியத்தை மட்டும் கன்னடத்தில் முடிப்பார்.

“எட்டேகாலுக்கு ரெஜிஸ்டர் என் டேபிள்ல இருக்கணும். அஷ்டே.”

அவ்வளவுதான் என்று அர்த்தம். நாலு நிமிடச் சரிபார்ப்போடு எட்டேகாலுக்குப் பதிவேடு போய்ச் சேராது. அதற்கு முன் பிலோமினா இன்னும் ஐந்து புரோகிராம்களைத் துவக்க வேண்டும். இரண்டு நாள் எட்டு இருபதுக்குப் போயிற்று. இரண்டு நாளும் மெமோ வந்தது. மூன்றாம் நாள் பிலோமினா என் மேஜைக்கு வந்து நின்றார்.

“எதை விடணும்னு நீங்களே சொல்லுங்க சார்.”

நான் சொன்னேன். அப்படியே எழுதுகிறேன்: “அது ஒண்ணும் சொல்லலைன்னா ஓடுதுன்னு அர்த்தம். கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.”

பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் அது பெரும்பாலும் உண்மை. துணைக் கோப்பு எதுவும் காணாமல் போனால் ஒரு செய்திப் பெட்டி எழுந்து இன்னது இல்லை என்று சொல்லும். பல வருடம் கழித்து, பாதுகாப்புக்காக என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. கறுப்புத் திரையை எடுத்துவிட்டுப் புதிய நீலத் திரையைக் கொடுத்தார்கள். அந்தத் திரை அதே பெட்டியை விழுங்கிவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுற்றறிக்கையில் எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தித் திருப்பி அனுப்பினேன். அதோடு சரி.

ஒரு நவம்பர் மாதம், சனிக்கிழமை, தலைமை அலுவலகம் தூரத்திலிருந்தே எங்கள் கணினிகளைச் சுத்தம் செய்தது. பயன்படுத்தாதவை என்று அவர்களுக்குப் பட்டவற்றை நீக்கினார்கள். திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்குப் பிலோமினா வழக்கமான வரியை அடித்தார். திரை ஒரு வரி கீழே இறங்கி நின்றது. பிழைச் செய்தி: இல்லை. கையொப்பம். பகல் பதினொன்றரைக்கு ஐந்தாம் அறையின் கம்ப்ரஸர் நின்றது. யாருடைய கைப்பேசியும் ஒலிக்கவில்லை. மாலை லாரியில் ஏற்ற வந்தவர்கள் கதவைத் திறந்தபோது உள்ளே வெளியைப் போலவே இருந்தது. அந்த அறையிலிருந்த மருந்து முழுவதையும் அழித்தோம்.

விசாரணை பத்து நாளில் நடந்தது. புரோகிராம் துவங்கியதும் தன் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதும். அன்றைய தேதியில் வரி இல்லை. வேறொரு கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள், உடனே ஓடிற்று; அதன் பிறகு அதிலேயே ஓட்டினார்கள். அந்தக் கணினிக்குச் சுத்தம் செய்கிற முறை இன்னும் வரவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. ஆக, புரோகிராமில் கோளாறு இல்லை. அடிக்காமலேயே அடித்ததாக எழுதியிருக்கிறார் என்று முடிவுக்கு வர அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“அடிச்சேன் சார். தினம் அடிக்கிற மாதிரிதான் அடிச்சேன்” என்றார் பிலோமினா.

“அடிச்சப்போ அது ஏதாவது சொல்லிச்சா?” என்று கேட்டார் வக்கீல்.

“அது என்னைக்கு சார் சொல்லியிருக்கு?”

வக்கீல் கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். மூன்றாம் விதியைப் படித்தார். படித்ததாகப் பிலோமினா போட்டிருந்த கையெழுத்தைக் காட்டினார். பிலோமினா என்னைப் பார்த்தார். நான் மேஜையின் மறுபக்கம், நிபுணர் என்ற அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். நானாகவே சொல்வேன் என்று காத்திருந்தார் போலிருக்கிறது.

“பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் ஒரு புரோகிராம் துவங்காமல் போக முடியுமா?” என்று வக்கீல் என்னிடம் கேட்டார்.

“சாதாரணமாக முடியாது” என்றேன்.

‘சாதாரணமாக’ என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். நாளைக்கு ஏதாவது வந்தால் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம். மினிட்ஸ் டைப்பாகி வந்தபோது அந்தச் சொல் இல்லை. ‘முடியாது என்று நிபுணர் கூறினார்’ என்று மட்டும் இருந்தது. கங்காதர் நாலு ஓரத்தையும் தட்டி என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன். பிலோமினாவை ‘பதிவேட்டில் பொய்ப் பதிவு’ என்ற குறிப்போடு வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஜனவரியில், அவருடைய கணினியை வேறொருவருக்குக் கொடுக்கும் முன் சோதித்துத் தர வேண்டிய முறை என்னுடையது. மேஜையில் அவருடைய சின்ன மாதா படம் அப்படியே இருந்தது. ஏனென்று தெரியாமல் நீலத் திரையைத் திறந்து அந்த ஒரு வரியை அடித்தேன். திரை ஒரு வரி கீழே இறங்கி நின்றது. ஓடும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தேன். மௌனசாமி இல்லை.

பிறகு எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். எந்தப் புரோகிராமும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். கேட்டால்தான் தெரியும், யாரும் கேட்பதில்லை. நல்லபடி முடிந்தால் பூஜ்யம். கேட்டேன். மைனஸ் நூற்றேழு கோடியே முப்பத்தேழு லட்சத்துச் சொச்சம் என்று வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண் பழைய ஆள். தேவையான துணைக் கோப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். புரோகிராம் தன் முதல் வரிக்கு வருவதற்கு முன்பே இறந்துவிடும். அதனால் நாட்குறிப்பிலும் ஒன்றும் எழுதாது. கடைசியாக, எங்கள் வர்க்கத்தார் செய்யக் கூச்சப்படும் ஒன்றைச் செய்தேன். கோப்புறையைத் திறந்து, அந்தப் புரோகிராமை மவுஸால் இரண்டு தட்டுத் தட்டினேன். உடனே ஒரு பெட்டி எழுந்தது. காணாமல் போன கோப்பின் பெயர் அதில் முழுதாக இருந்தது. தட்டத் தெரிந்த யாராவது அன்றைக்கு ஒரு முறை தட்டியிருந்தால் போதும்.

அச்செடுத்துக் கங்காதரிடம் கொண்டுபோனேன். ஓரங்களைத் தட்டினார். கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

“விசாரணை ஆய்த்து, சார். முடிஞ்சு போச்சு. நீங்களும் சைன் பண்ணியிருக்கீங்க.”

“தப்பாப் பண்ணிட்டேன்.”

“அது பேப்பர்ல இருக்கா?” மேஜையின் வலது பக்கம் கையைக் காட்டினார். “மார்ச்ல உங்க ரிட்டயர்மென்ட். உங்க ஃபைல் அதோ இருக்கு. ஒழுங்கா முடிச்சுக்கோங்க. அஷ்டே.”

அவர் மிரட்டினார் என்று சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டினார், அவ்வளவே. மீதியை நானே செய்துகொண்டேன். அச்செடுத்த தாள்களைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மார்ச் முடிய அங்கேயே இருந்தன.

ஏப்ரல் முதல் வாரம் பிலோமினாவே போன் செய்தார். அவர்கள் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை காலியாம். ரெஃபரன்ஸாக என் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டார். நேரில் வருகிறேன் என்றேன்.

சின்ன முன்னறை. காபி வந்தது. தாள்களை எடுத்து வைத்துச் சொன்னேன். அந்த எண், காணாமல் போன கோப்பு, நீலத் திரை, எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்போ நான் அடிச்சது நிஜம்.”

“நிஜம்.”

“மௌனசாமி செத்துக் கெடந்திருக்கு. அது தெரியாம நான் பாட்டுக்கு நலம்னு எழுதியிருக்கேன்.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “மாதர் சங்கத்துல மினிட்ஸ் புஸ்தகத்த வாங்கிட்டாங்க சார். யாரும் ஒண்ணும் சொல்லல. ‘உனக்கெதுக்கும்மா சிரமம்’னாங்க. பொய் எழுதினவகிட்ட புஸ்தகத்த எப்படிக் குடுக்கறது?”

தாள்களை அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினேன்.

“இது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“ஜனவரியில.”

சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அவர் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

“எழுதுங்க சார்” என்றார் கடைசியில். “ஸ்கூல நடத்துற சிஸ்டர் நல்லவங்க. வேலை எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க. ஆனா பழைய எடத்துலருந்து அந்தக் குறிப்ப எடுத்துட்டதா ஒரு லெட்டர் வேணுமாம். மே முப்பத்தொண்ணுக்குள்ள வந்தா போதும். ஸ்கூல் தொறந்துட்டா வேற ஆளப் போட்டாகணும்.”

அன்றே எழுதினேன். தலைமை அலுவலகத்துக்கு நேராக, பதினோரு பக்கம். சோதனை முறை, அந்த எண், சனிக்கிழமைச் சுத்தம். கடைசிப் பக்கத்தில் நான் பிலோமினாவிடம் சொன்ன வாக்கியத்தையும், விசாரணையில் சொன்னதையும், மினிட்ஸில் விட்டுப்போன சொல்லையும் எழுதிக் கையொப்பமிட்டேன். கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர்கள் அங்கேயும் இருப்பார்கள். பதிலை நேராகப் பள்ளிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, எனக்கு நகல் தரவும் கேட்டேன்.

மே இருபத்தைந்து வரை ஒன்றும் வரவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். என் மனுவின் எண்ணைக் கேட்டு, தேடிப் பார்த்து, சந்தோஷமாகவே சொன்னார்.

“உங்க ரிக்வெஸ்ட்டை ஒத்துக்கிட்டாங்க சார். லெட்டர் மெயில்ல அனுப்பியாச்சு.”

“எனக்குக் காப்பி வரலையே?”

“வரும் சார். ஸ்கூலுக்குப் போயிடுச்சு. திரும்பி ஒண்ணும் வரல, அப்போ போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?”

“சரிம்மா, ரொம்ப நன்றி” என்றேன்.

உடனே பிலோமினாவைக் கூப்பிட்டேன். “லெட்டர் போயிடுச்சாம்” என்றேன். “இப்பவே சிஸ்டர்கிட்ட சொல்லிடறேன் சார்” என்றார். அவரும் சிஸ்டரிடம் போய், லெட்டர் வந்திருக்கும், பாருங்கள் என்று சொன்னாராம். விடுமுறை நாள், பார்க்கிறேன் என்றாராம் சிஸ்டர். கேட்டு நச்சரிக்க பிலோமினாவுக்குக் கூச்சம். நானே பள்ளிக்கு ஒரு போன் போட்டு, கடிதம் கைக்கு வந்ததா என்று கேட்டிருக்கலாம். நாலு நிமிட வேலை.

பள்ளி திறந்தது. கடிதம் வரவில்லை. வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். பிலோமினா ஓசூர் ரோடில் ஒரு கார்மென்ட்ஸில் பேக்கிங்கில் சேர்ந்தார். நாள் முழுக்க நின்றபடி வேலை, எழுத வேண்டியது எதுவும் இல்லை. நான் ஜூனிலும் ஜூலையிலும் ஆகஸ்டிலும் தபாலில் நினைவூட்டினேன். மூன்றாவதுக்குப் பிறகு கூரியரில் ஓர் உறை வந்தது. பிரித்துப் படித்துவிட்டு, பஸ் பிடித்து ரிச்சர்ட்ஸ் டவுன் போனேன். அவர் வேலை முடிந்து வரும்வரை வாசலில் நின்றிருந்தேன்.

நின்றபடியே படித்தார். ‘பொய்ப் பதிவு’ என்ற குறிப்பு நீக்கப்படுகிறது. பணியாளர் கட்டளையைக் கொடுத்தார் என்பது ஏற்கப்படுகிறது. கடிதத்தின் மேல் ஒரு துண்டுச் சீட்டைக் குத்தியிருந்தார்கள். முன்பு அனுப்பிய மின்னஞ்சல் சென்று சேரவில்லை என்பது இப்போதுதான் தெரியவந்தது, அது பற்றிப் பிழைச் செய்தி எதுவும் வராததால் கவனிக்கவில்லை, வருந்துகிறோம் என்று இருந்தது.

சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

“தேதி என்ன போட்டிருக்கு சார்? அது மட்டும் பொடி எழுத்தா இருக்கு, கண்ணாடி உள்ள இருக்கு.”

படித்துச் சொன்னேன். கையொப்பமான தேதி மே பத்தொன்பது. எங்கள் கைக்கு வந்த தேதி செப்டம்பர் ஒன்பது.